அண்ணைக்கு வயது ஐம்பத்தைந்து

அண்ணி அந்த மின்னஞ்சலை என்னிடம் கொண்டுவந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். நான் வேலைசெய்கிற கூட்டுறவுச் சங்கக்கடையைத் திறக்கப் போவதற்காகச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். குளித்த தலையைத் துவட்டாமல், போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் முற்றத்தைக் கடந்து ஓடிவந்தார். முழங்கால் நோவால் படி இறங்கவே யோசிக்கிற மனிசி. அப்படி ஓடி நான் கண்டதில்லை.

“தம்பி, இதை ஒருக்கா வாசியும். இவற்றை பேர் கிடக்கு.”

‘இவர்’ என்று அவர் சொல்வது உலகத்தில் ஒரே ஒருவரைத்தான், என் அண்ணையை. அண்ணை காணாமல் போய் அப்போது இருபத்தெட்டு வருடம்.

போனை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நாலைந்து வரி. அண்ணையின் முழுப்பெயரை எழுதி வணக்கம் சொல்லியிருந்தார்கள். உங்கள் வயது ஐம்பத்தைந்து என்று உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. உங்கள் முகம் அடையாள அட்டையில் உள்ள முகத்தோடு பொருந்துகிறது. இனி நீங்கள் சேவையைத் தடையின்றிப் பயன்படுத்தலாம். கீழே ஒரு கொம்பனியின் பெயரும் லண்டன் விலாசமும். என்ன சேவை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“முகம் பொருந்துது எண்டால், முகத்தைப் பாத்திருக்கினம் எல்லே?”

“ஓம்.”

“எப்ப பாத்தவையாம்?”

திகதியைப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும். “நேற்று.”

“நேற்று,” என்றார் அண்ணி. சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். “நேற்று ஆரோ இவற்றை முகத்தைப் பாத்திருக்கினம்.”

அந்த மின்னஞ்சல் வரக் காரணம் நான். அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் அவர் சிரித்தார். பல்லுத் தெரியச் சிரித்தார். நான் பம்பை எடுத்து, காற்று நிறைந்த சில்லுக்கு மறுபடியும் காற்றடிக்கத் தொடங்கினேன். என் கோழைத்தனம் எப்போதும் இப்படித்தான், ஏதோ ஒரு வேலையில் மும்முரமாக இருப்பதுபோல நடிக்கும்.

நடந்ததைச் சொல்லவேண்டுமானால் போன்களில் இருந்து தொடங்கவேண்டும். அண்ணையின் மகள், என் பெறாமகள், லண்டனில் கலியாணம் கட்டி இருக்கிறாள். அண்ணை காணாமல் போனபோது அவள் தாயின் வயிற்றில் ஆறு மாதம். அப்பா என்றால் அவளுக்கு ஒரு படம், வேறொன்றும் இல்லை. போன வருடம் தாய்க்கும் எனக்கும் ஒரே மாதிரி இரண்டு போன் அனுப்பினாள். இரண்டையும் அங்கேயே சரிசெய்து, ஒரே மின்னஞ்சல் கணக்கைப் போட்டு விட்டிருந்தாள். தாய் கடவுச்சொல்லை மறப்பார், சித்தப்பா போனைத் துலைப்பார், ஒன்றாக இருந்தால் லேசு என்பது அவளுடைய கணக்கு. அதைவிட இன்னொரு காரியமும் செய்திருந்தாள். தாய் பார்க்கிற தொடர் நாடகங்கள் வருகிற சனல் லண்டனில் மட்டும்தான் வேலைசெய்யும். அதற்காக ஒரு அப் போட்டுத் தந்தாள். அதை அமத்தித் திறந்தால் போன் தான் லண்டனில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நாங்கள் எங்கள் தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் தண்ணி கொண்டுவருகிற பௌசர் லொறிக்கு வாளியோடு காத்திருப்போம். எங்கள் போன்கள் சொகுசாக லண்டனில் இருந்தன.

அந்த நாட்டில் அப்போது ஒரு புதுச் சட்டம். வயது வந்தவர்களுக்கான அந்தமாதிரித் தளங்களுக்குள் போவதென்றால் வயதை நிரூபிக்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் முகத்தைக் காட்டவேண்டும். ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் எல்லோரும் வீடியோவில் கதைப்போம். அங்கே பெறாமகளுக்கும் அவள் புருசனுக்கும் இதுதான் சண்டை. அவள் பள்ளிக்கூடம் ஒன்றில் உதவி ஆசிரியை. சின்னப் பிள்ளைகள் எதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பயந்து அழுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவன் கொம்பியூட்டர் வேலை. அட்டைகளையும் முகங்களையும் ஒரு இடத்தில் சேர்த்து வைத்தால் என்றைக்கோ ஒருநாள் களவு போகும் என்பது அவன் கட்சி.

“ஒண்டும் ஒளிக்க இல்லாதவனுக்கு ஐசியைக் காட்ட என்ன பயம்?” என்று அவள் கேட்டாள். ஐசி என்றால் எங்கள் பேச்சில் அடையாள அட்டை.

அந்தக் கேள்வியை நான் வேறு இடங்களில் வேறு பாசையில் கேட்டிருக்கிறேன், நெஞ்சுக்கு நேரே துவக்கு நிற்க. பிள்ளைக்கு அது தெரிய நியாயமில்லை. அவள் கேட்டதிலும் பிழையில்லை, பிள்ளைகளை நினைத்துத்தான் கேட்டாள். “சித்தப்பா, நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று என்னையும் இழுத்தாள். “நல்ல சட்டம்தான்,” என்றேன். பெரிய மனிசத்தனமாக, நெற்றியில் திருநீறோடு சொன்னேன். அண்ணி பக்கத்தில் இருந்து, “உதுகளைப் பாக்கிறவங்களுக்கு வீட்டிலை ஆக்கள் இல்லையோ?” என்று கேட்டார்.

எனக்கு வீட்டில் ஆள் இல்லை. நாற்பத்தெட்டு வயது. கலியாணம் கட்டவில்லை. அண்ணியின் வளவுக்குள்ளேயே ஒரு தனி அறை, சாப்பாடு அவர் குசினியில். நான் அந்தத் தளங்களுக்குப் போவதுண்டு. தனிமை என்று எழுதினால் வாசிப்பவர்கள் இரக்கப்படுவார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி வெறும் உடம்புதான்.

அண்ணி நயினாதீவு அம்மன் கோயிலுக்கு நேர்த்தி ஒன்று வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியவே, படகு ஏறுவதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். நடுமத்தியானம், நல்ல வெயில், வளவில் நான் மட்டும். போனைத் திறந்தேன். வழக்கமாகப் போகிற தளம் கதவைச் சாத்திவிட்டது. உங்கள் நாட்டுச் சட்டப்படி வயதை நிரூபியுங்கள் என்றது. எது என் நாடு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அப்பை நிற்பாட்டியிருந்தால் போன் இறுப்பிட்டிக்குத் திரும்பி வந்திருக்கும், கதவும் திறந்திருக்கும். அது எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அட்டை கேட்டால் காட்டவேண்டும். காட்டினால்தான் விடுவார்கள். எங்கள் வயதுக்காரருக்கு அது யோசித்துச் செய்கிற காரியம் அல்ல, கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

என் அட்டையைப் போட வெட்கமாக இருந்தது. என் பெயர் அந்த இடத்தில் பதியப்படுவதை நினைத்தால் கூசியது. போனில் அண்ணையின் அட்டைப் படம் இருந்தது. காணாமல் போனவர்களை விசாரிக்க வந்த ஒவ்வொரு குழுவுக்கும் அண்ணியின் கடிதங்களைத் தயாரித்துக் கொடுத்தது நான்தான், அதற்காகப் படம் பிடித்து வைத்திருந்தேன். அதைப் போட்டேன். இல்லாத ஆளுக்கு இதால் என்ன நட்டம் என்று நினைத்தேன். அண்ணையின் பெயர், பிறந்த திகதி எல்லாம் எழுதினேன். மின்னஞ்சல் விலாசத்தைப் போன் தானாகவே நிரப்பிக்கொண்டது. அது அண்ணியின் போனுக்கும் போகிற விலாசம் என்று நான் யோசிக்கவே இல்லை.

பிறகு, முகத்தைக் காட்டு என்றது.

அட்டையோடு முடியும் என்று நினைத்திருந்தேன். திரையில் ஒரு வட்டம் வந்தது. அதற்குள் என் முகம், வியர்த்து, நரைத்த தாடியோடு. இடப் பக்கம் திரும்பு என்றது, திரும்பினேன். வலப் பக்கம் என்றது, திரும்பினேன். கொஞ்ச நேரம் ஏதோ சுற்றியது. பிறகு பச்சை நிறத்தில் சரி அடையாளம் போட்டு, அண்ணையின் பெயரைச் சொல்லி என்னை வரவேற்றது.

சின்ன வயதில் எங்களை இரட்டையர் என்பார்கள், ஏழு வயது வித்தியாசம் இருந்தும். ஆனால் அட்டையில் இருக்கிற அண்ணைக்கு இருபத்துநாலு. அவருக்கு முப்பதாவது வயது வரவே இல்லை. அந்த இயந்திரம் அவருக்கு இல்லாமல் போன வருடங்களையெல்லாம் என் முகத்தில் கண்டுபிடித்து, ஓம், இவர்தான், வயது ஐம்பத்தைந்து என்று சொல்லிவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன். எதையும் பார்க்கவில்லை. அறைக்குள் யாரோ வந்து நிற்பதுபோல இருந்தது. வெளியே போய்க் கிணற்றுக் கட்டில் இருந்தேன். அண்ணி பிரசாதத்தோடு வந்து நெற்றியில் விபூதி பூசிவிட்டபோது, கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த அட்டையை நான் எடுத்தது அதுதான் முதல் தடவை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் குடும்பத்துக்குத் தெற்கில் ஒரு பட்டினத்தில் பலசரக்குக் கடை இருந்தது. தீவாருக்கு அது புதுமையில்லை, அந்தக் காலத்தில் தெற்கில் பாதிக் கடை எங்கள் ஆட்களுடையது. கடைக்குப் பின்னால் இரண்டு அறையில் அண்ணையும் அண்ணியும் நானும் இருந்தோம். அண்ணையின் அட்டையில் அந்தப் பட்டினத்து விலாசம். என்னுடையதில் தீவு விலாசம். அந்த நாட்களில் இந்த வித்தியாசத்தை, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற ஒவ்வொரு சென்றியிலும் உணரலாம். அண்ணையின் அட்டையைப் பார்த்துவிட்டுப் போ என்பார்கள். என்னுடையதைப் பார்த்தால் ஏன் வந்தாய், எப்ப வந்தாய், யார் பொறுப்பு என்று அரை நாள் போகும். அதனால் தூரம் போக வேண்டிய இடங்களுக்கு அண்ணை தன் அட்டையைத் தந்து அனுப்பியிருக்கிறார். “என்ரை மூஞ்சியை வச்சிருக்கிறாய், ஐசியையும் கொண்டு போ,” என்று பகிடி விடுவார்.

ஆனால் அன்றைக்கு அவர் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. பஸ் நிலையத்துக்கு அங்கால் இருந்த தியேட்டரில் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். எனக்கு இருபது வயது. போகிற வழியில் சென்றி. எங்கே போகிறாய் என்று அண்ணை கேட்டால் என்ன சொல்வது? அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய அவருடைய நீலச் சேட்டின் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். அன்றைக்கு அவர் கடையைவிட்டு அசையமாட்டார் என்று தெரியும். இரண்டரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து வைத்துவிடலாம். சென்றியில் விட்டார்கள். தியேட்டர்க்காரன் என் மீசையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வயது கேட்டான். அவனுக்கும் அண்ணையின் அட்டையைத்தான் காட்டினேன்.

திரும்பி வந்தபோது அண்ணை இல்லை. சாமான் லொறி சந்தியில் நிற்கிறதென்று ஆள் வந்து கூப்பிட, அவசரமாகப் போனாராம். நீலச் சேட் வியர்வையாக இருக்கிறதென்று அண்ணி வெள்ளைச் சேட்டை எடுத்துக் கொடுத்தாராம். சந்தி வரை ஐந்து நிமிட நடை. இப்ப வந்துவிடுவார் என்றார் அண்ணி. அகப்படாமல் தப்பினேன் என்ற நிம்மதியோடு அட்டையை நீலச் சேட்டின் பைக்குள் திரும்ப வைத்தேன்.

அண்ணை வரவில்லை. சந்தியில் புதிதாக ஒரு சோதனை நடந்ததாகவும், அட்டை இல்லாத இரண்டு மூன்று பேரை வாகனத்தில் ஏற்றியதாகவும் கடைக்காரர்கள் சொன்னார்கள். யார் ஏற்றியது, எங்கே கொண்டுபோனது என்று இன்றுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் அண்ணி நீலச் சேட்டைத் தோய்க்க எடுத்தார். பையில் அட்டை. அவர் வைத்த சத்தம் எனக்கு இப்போதும் காதுக்குள் இருக்கிறது. “நான் சேட்டை மாத்திக் குடுத்திட்டன், நான் சேட்டை மாத்திக் குடுத்திட்டன்,” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் வாசலில் நின்றேன். இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லமுடியாது என்று தெளிவாகத் தெரிந்தது. சொல்லவில்லை. பிறகு சொல்லமுடியவில்லை.

கடையை மூடிவிட்டுத் தீவுக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு எத்தனை விசாரணைக் குழு, எத்தனை மேசை. ஒவ்வொரு இடத்திலும் அண்ணி தன் வாயாலேயே அதைச் சொன்னார். சேட்டை மாற்றிக் கொடுத்தது நான், அட்டை பழைய சேட்டில் கிடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அதை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். நீலச் சேட்டோடு அண்ணை போயிருந்தாலும் அதில் அட்டை இருந்திருக்காது. அந்த ஒரு வசனத்தை எழுத என் பேனைக்கு ஏலவில்லை. பெண் பார்க்கிறோம் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஏதோ சாட்டுச் சொல்லி அனுப்பிவிட்டேன். தியாகி என்று ஊர் சொன்னது. அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்களுக்குப் பிறகு வீட்டில் நான் இருக்கமுடியாமல் போயிற்று. அண்ணி பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு முற்றம் கூட்டினார். கிராம சேவகரிடம் போய், தகவல் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். முகம் மழிக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். யாருடைய தாடியை வழிக்கிறேன் என்று ஒரு நினைப்பு. மழிக்காமலே விட்டேன்.

புதன்கிழமை சங்கக்கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருக்கும்போது பெறாமகள் எடுத்தாள். வீடியோ இல்லை, குரல் மட்டும். அழுதிருந்தாள்.

“சித்தப்பா, அம்மா பக்கத்திலை இல்லையே?”

“இல்லைப் பிள்ளை. கடையிலை நிக்கிறன்.”

“அந்தக் கொம்பனியைத் தேடிப் பாத்தனாங்கள். அது… அந்தமாதிரி வெப்சைற்றுகளுக்கு வயசு பாத்துக் குடுக்கிற கொம்பனி.” மூக்கை உறிஞ்சினாள். “அப்பா உயிரோடை இருக்கிறார் சித்தப்பா. இஞ்சைதான், லண்டனிலை. இவ்வளவு காலமும் எங்களைத் தேடாமல், இருந்து உதுகளைப் பாத்துக்கொண்டிருக்கிறார். அம்மா அங்கை பொட்டு வச்சுக்கொண்டு நயினாதீவுக்கு நேர்த்தி வைக்கிறா. எனக்கு அருவருப்பா இருக்கு. இதை அம்மாட்டை என்னெண்டு சொல்லுறது?”

என் அண்ணை. தம்பியின் முதுகில் கூடக் கை வைத்து அடித்தறியாத மனிதன். கட்டையில் வைக்க ஒரு உடம்பு கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இருந்தது அவருடைய நல்ல பெயர் ஒன்றுதான், அதையும் நான் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டேன்.

“பிள்ளை, அது அப்பா இல்லை,” என்றேன். “அது நான்.”

அரிசி வாங்க வந்த பெண் கேட்டுக்கொண்டு நின்றார். பரவாயில்லை என்று முழுவதையும் சொன்னேன், போன், அட்டை, முகம். அங்கால் அவள் புருசன், “நான் சொன்னனான்தானே, உந்த மெசினுக்கு ஆளைத் தெரியாது, சேத்து மட்டும் வைக்கும்,” என்று சொல்வது கேட்டது. அவள் அவனை அதட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்ப அப்பா அப்பிடியான ஆள் இல்லை, என்ன?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப அப்பா இல்லையா, சித்தப்பா?”

தராசில் கிடந்த அரிசியைத் திரும்ப மூட்டைக்குள் கொட்டினேன். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கோ என்று வைத்துவிட்டாள்.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். முற்றத்துக் கொடியில் நீலச் சேட் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணி அதை இத்தனை வருடமும் அலுமாரியில் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் தோய்த்துக் கண்டதில்லை. காற்றுக்குக் கையிரண்டும் அசைந்தன. நான் அதில் முட்டாமல் சுற்றி நடந்து குசினிக்குப் போனேன்.

அண்ணி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், இருந்தால் எழும்பிப் போய்விடுவேன் என்ற பயத்தில். மின்னஞ்சல் அண்ணையுடையதல்ல, நான் செய்த வேலை என்றேன். எந்தத் தளம் என்றும் சொன்னேன். அவர் ஏசவில்லை. திருவலையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“இஞ்சை வெளிச்சத்துக்கு வாரும்.”

போனேன். தாடியோடு என் முகத்தைப் பார்த்தார்.

“அங்காலை திரும்பும்.” திரும்பினேன். “இஞ்சாலை.” திரும்பினேன். “இருந்தால் இப்ப இப்பிடித்தான் இருப்பார், என்ன?” என்றார். என்னிடம் கேட்டதுபோல இல்லை.

இவ்வளவு காலமும் அந்தக் கண் என்னைத் தாண்டித்தான் பார்த்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. தாங்கமுடியாமல் இருந்தது. அண்ணையின் முகத்தை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நிற்க எனக்கு என்ன உரிமை?

“அதெப்பிடி உமக்கு இவற்றை ஐசியைப் போடுற யோசினை வந்தது?”

“முதலும் ஒருக்கா எடுத்தனான், அண்ணி.”

“எப்ப?”

சொன்னேன். நீலச் சேட், தியேட்டர், திரும்பி வந்து பைக்குள் வைத்தது, அடுத்த நாள் வாசலில் நின்றது. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிய அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. நான் இறக்கப் போக, “தொடாதையும்,” என்றார். அந்தச் சொல்லில் என்ன இருந்தது என்று விளக்க எனக்கு ஏலாது. அவரே எழும்பி இறக்கினார்.

“நான் சேட்டை மாத்திக் குடுக்காட்டிலும்?”

“பையிலை ஐசி இல்லை, அண்ணி.”

“அது எங்கை கிடந்தது?”

“என்ரை கையிலை.”

பிறகு சோற்றுப் பானையை மூடி வைத்தார். கடைசியில், “நாளைக் காலமை ஜீ.எஸ்ஸிட்டைப் போறம். நீரும் வாறீர்,” என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் கிராம சேவகர் ஒரு இளம் பிள்ளை, பெறாமகளின் வயதுதான் இருக்கும். காலை ஒன்பது மணிக்கே அண்ணியின் கோப்பை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். உயிரோடு இருப்பதாகத் தகவல் என்று திங்கட்கிழமை அவளே பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். அதற்கு அடியில் என் கையெழுத்தில் பழைய வாக்குமூலங்களின் பிரதிகள். மேலே இருந்த தாளில் எனக்கு அந்த வரி தெரிந்தது, கணவருக்கு நான் வேறு சேட் கொடுத்தபடியால்.

“தகவல் பிழை,” என்றார் அண்ணி. “இவர் சொல்லுவார். எழுதிக்கொள்.”

அவள் புதுத் தாள் எடுத்து, என் அடையாள அட்டையைக் கேட்டாள். கொடுத்தேன். படத்தையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு இலக்கத்தை எழுதினாள். நான் சொல்லத் தொடங்கினேன். சம்பவ தினம் அண்ணையின் அட்டையை அவருக்குத் தெரியாமல் எடுத்தவன் நான்.

“ஏன் ஐயா எடுத்தனீங்கள்?”

“படம் பாக்க.”

“என்ன படம்?”

வெளியே ஓய்வூதியப் பத்திரத்துக்கு வந்த இரண்டு கிழவர் வாங்கில் இருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. “வயது வந்தவைக்கு மட்டும் எண்டு போட்ட படம்,” என்றேன், அவர்களுக்கும் கேட்கும்படியாக.

பிள்ளையின் பேனை நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்தாள். “அம்மா, இது எழுதத்தான் வேணுமோ?”

அண்ணி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுதுகிற தாளின் மேல் விரலை வைத்தார்.

“அதைப் பிறகு எழுது பிள்ளை. நான் சேட்டை மாத்திக் குடுத்ததாலை இல்லை எண்டு முதல் எழுது.”